உனக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்தவள்

எய்யா,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் உன் மகளைப் பற்றிக் கேட்டதற்கு நான் பதில் சொல்லாமலே வைத்துவிட்டேன். சிக்னல் சரியில்லை என்றேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. "ஜெனிக்கு எட்டு வயசாவுதும்மா, இன்னும் ஒரு வரி சேந்தாப்புல வாசிக்க மாட்டேங்கா. எதையும் ஒரு தடவ கேட்டா அப்படியே ஒப்பிக்கா, புத்தகத்தப் பாத்துச் சொல்லுன்னா மட்டும் திருதிருன்னு முழிக்கா. எல்லாம் சோம்பேறித்தனம். லீவுக்கு அங்கன அனுப்புதேன். எங்களுக்குச் செபப் புத்தகத்த வச்சுப் படிச்சுக் குடுத்தீங்கள்லா, அதே மாதிரி உக்கார வச்சு நிமித்தி விடுங்க" என்று சொன்னாய். நீ சாதாரணமாகத்தான் கேட்டாய். நான் போனை வைத்துவிட்டுக் குசினியில் போய் நின்றேன். உலையில் அரிசி போட்டேனா இல்லையா என்று தெரியாமல் இரண்டாவது முறையும் போட்டேன். பேசித் தீர்க்கிற விஷயம் இல்லை இது. நீ மஸ்கட்டில் வேலைக்கு நடுவே ஒரு காதில் கேட்டுக்கொண்டு "சரிம்மா, சரிம்மா" என்பாய். அதனால்தான் எழுதுகிறேன். முழுவதையும் படித்த பிறகு என்னைக் கூப்பிடு. கூப்பிடப் பிடிக்கவில்லை என்றால் அதுவும் சரிதான்.

என் காலத்தில் நம் கடற்கரைப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு எழுத்து வந்தது பள்ளிக்கூடத்தில் இல்லை, கோயில் வராந்தாவில். சாயங்காலம் நாலு மணிக்கு உபதேசியார் வந்துவிடுவார். பிள்ளைகளுக்கு மந்திரம் சொல்லித் தருவது அவர் வேலை. செபத்தை அப்போது மந்திரம் என்றுதான் சொல்வோம். அவர் ஒரு வரி சொல்லுவார், நாங்கள் கத்துவோம். எந்த இடத்தில் நிறுத்திக் கேட்டாலும் அடுத்த சொல் வந்து விழுகிற அளவுக்கு மனப்பாடமான பிறகுதான் புத்தகத்தைத் திறப்பார். கறுப்பு அட்டை, உள்ளங்கை அகலம், பொடி எழுத்து. "வாய்க்குத் தெரியும்லா, இப்பக் கண்ணால தேடு" என்பார். தெரிந்த சொல்லை எழுத்துக்குள் தேடிக் கண்டுபிடிப்பதுதான் படிப்பு. 'ஆடு', 'இலை' என்று வாசிக்கும் முன்பே 'சர்வேசுரன்' என்று வாசித்த பிள்ளைகள் நாங்கள். பிதா என்ற சொல்லில் பிடித்த 'பி'யை ஒரு நாள் அண்ணாச்சி கடையில் தகர டப்பா மேல் பார்த்தேன். பிஸ்கட் என்று எழுதியிருந்தது. சாமி புத்தகத்துக்குள் இருக்கிற எழுத்து கடையிலும் இருக்கிறது என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. வீடு வரை வழியில் இருந்த போர்டையெல்லாம் உரக்க வாசித்துக்கொண்டே ஓடினேன். அந்தச் சந்தோஷம் இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு வந்த கர்வமும் நினைவிருக்கிறது. துக்க வீட்டில் புத்தகம் வாசிக்க என்னைத்தான் கூப்பிடுவார்கள். தபால் வந்தால் என்னிடம்தான் கொண்டு வருவார்கள். தெருவில் "வாசிக்கிறவ" என்று சொன்னால் அது நான்தான். கழுத்தில் கிடக்கிற சங்கிலியைவிட அந்தப் பெயர் எனக்குப் பெரிதாக இருந்தது.

உன் அக்கா செலினுக்கு ஐந்து வயதானதும், எனக்கு எப்படிச் சொல்லிக் கொடுத்தார்களோ அப்படியே அவளை உட்கார வைத்தேன். அவளுக்கு இருந்த ஞாபக சக்தியை நீ பார்த்திருக்கிறாய், ஆனால் அந்த வயதில் பார்த்ததில்லை. ஒரு வாரத்தில் விசுவாச மந்திரம் முழுவதும் சொன்னாள். ஆறு வயதில் மாதா மன்றாட்டு மாலையை ஒரு பெயர் விடாமல் சொன்னாள். பக்கத்து வீட்டுப் பெண்களைக் கூப்பிட்டு வைத்துச் சொல்லச் சொல்லுவேன். பிறகு புத்தகத்தைத் திறந்தேன். விரலை வைத்து வாசி என்றேன். வாசித்தாள். தங்கு தடையில்லாமல் வாசித்தாள். விரல் வரியின் கடைசிக்குப் போய்ச் சேர்ந்த பிறகும் வாய் பாதி வரியில் நிற்பதை நான் ஒன்றிரண்டு முறை பார்த்தேன். பக்கம் திருப்ப வேண்டிய இடத்தில் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் திருப்புவதையும் பார்த்தேன். பார்த்தேன் என்று இப்போது சொல்கிறேன். அப்போது பார்க்க எனக்கு விருப்பமில்லை. உன் அப்பா தோணி ஓட்டுகிற தண்டலாக மாலத்தீவுக்குப் போய்விட்டு மூன்று மாதம் கழித்து வந்திருந்தார். இரண்டே நாளில் கண்டுபிடித்துவிட்டார். "ஏளா, புள்ளைக்கு எழுத்து வரல. கேட்டதத்தான் சொல்லுதா" என்றார். "தண்டல் வேலை பாக்குறவருக்கு எழுத்தப் பத்தி என்ன தெரியும்" என்றேன். அவர் சிரித்தார். "எனக்கும் தெரியாதுதான். நான் என்ன எழுத்து கூட்டியா தோணி ஓட்டுதேன்? அவ வாயில இருக்கது போதும், விடு" என்றார். விட்டிருக்கலாம். அந்த மனுஷன் சொன்ன சொல்லை ஒரு முறையாவது கேட்டிருக்கலாம்.

ஒன்பது வயதில் அவளுக்குப் புதுநன்மை, முதல் முறை நற்கருணை வாங்குகிற நாள். பூசை முடிவில் பிள்ளைகள் சார்பாக ஒருத்தி நன்றி மன்றாட்டு வாசிக்க வேண்டும். உபதேசியார் வீட்டுக்கு மூன்று முறை நடந்து அதை நான் செலினுக்கு வாங்கினேன். காகிதத்தைக் கையில் கொடுத்ததும், "ஒரு தடவ நீங்க வாசிங்கம்மா, ராகம் எப்படி வரணும்னு கேட்டுக்கிடுதேன்" என்றாள். இரண்டு முறை வாசித்தேன். மூன்றாவது முறை அவள் வாசித்தாள். ஒரு குறை சொல்ல முடியாது. அந்த வாரம் நம் கரையிலிருந்து போன வள்ளம் ஒன்று திரும்பவில்லை. இரண்டு பேர். அவர்கள் பெயரைச் சொல்லி மன்றாடட்டும் என்று உபதேசியார் காகிதத்தை மாற்றி எழுதி, பீடத்துக்கு ஏறும்போது செலின் கையில் கொடுத்திருக்கிறார். எனக்கு அது தெரியாது. வெள்ளை கவுன், தலையில் பூமுடி, என் பிள்ளை மைக் முன்னால் போய் நின்று காகிதத்தை நேராகப் பிடித்துக்கொண்டு பழைய மன்றாட்டைக் கணீரென்று சொன்னாள். முன் வரிசையில் அந்த இரண்டு வீட்டுப் பெண்களும் முக்காட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார்கள். பெயர் வரும் என்று அவர்களிடம் சொல்லி வைத்திருந்தார்கள். வரவில்லை. செலின் "ஆமென்" சொல்லி முடித்தாள். அவர்கள் நின்றுகொண்டே இருந்தார்கள். உபதேசியார் எழுந்து வந்து, காகிதத்தை வாங்கி, இரண்டு பெயரையும் தானே வாசித்தார். கோயில் முழுவதும் திரும்பி என்னைப் பார்த்தது போல இருந்தது எனக்கு. அந்தப் பெண்களின் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. நான் பார்க்கவில்லை. என் மானத்தைப் பற்றி மட்டும்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும், கவுனைக்கூடக் கழற்ற விடாமல், அந்தப் புதுக் காகிதத்தை அவள் முன்னால் போட்டு "வாசி" என்றேன். விரலை வைத்தாள். "நீங்க ஒரு தடவ..." என்று ஆரம்பித்தாள். அகப்பைக் காம்பால் அடித்தேன். எத்தனை அடி என்று தெரியாது. அடி ஆறிப்போகும். நான் சொன்ன சொல் ஆறவில்லை. "சர்வேசுரனுக்கு முன்னால நின்னு பொய் சொன்னவ நீ. அவரு புத்தகத்தக் கையில வச்சுக்கிட்டே இத்தன வருசம் ஏமாத்தியிருக்க. மனசு சுத்தமா இருந்தா எழுத்து வராமப் போவுமா?" என்றேன். முழங்கால் போட வைத்தேன். அடுத்த சனிக்கிழமை சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிவிட்டு வரப் பாவசங்கீர்த்தனத்துக்கு அனுப்பினேன். திரும்பி வந்தவள் முகம் தெளிவாக இருந்தது. "பொய் சொன்னதச் சொன்னியா?" என்று கேட்டேன். "சொன்னேன்மா. எழுத்துத் தெரியாததையும் சேத்துச் சொல்லிட்டேன். சாமி ஒண்ணும் திட்டல. மூணு அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னாரு, சொல்லிட்டேன்" என்றாள். பிறகு என் பக்கத்தில் வந்து நின்று, "இனிமே தெரிஞ்சிரும்லாம்மா?" என்று கேட்டாள்.

எய்யா, அந்த இடத்தில் அவளைத் தூக்கி மடியில் வைத்திருக்க வேண்டும். நான், "முழு மனசோட சொல்லியிருந்தா தெரியும்" என்றேன். அவள் உடனே போய்ப் புத்தகத்தை எடுத்தாள். ஜன்னல் பக்கம் உட்கார்ந்து திறந்து வைத்துக்கொண்டு பார்த்தாள். எழுத்து தெரிய ஆரம்பிக்கும் என்று காத்திருந்தாள். நான் மீன் கழுவிக்கொண்டே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெகுநேரம் கழித்துப் புத்தகத்தை மூடி, முத்தம் கொடுத்து, எடுத்த இடத்தில் வைத்தாள்.

இனி உன்னைப் பற்றியது. நான் உனக்கு எழுத்துச் சொல்லித் தந்தேன் என்று நீ ஊரெல்லாம் சொல்கிறாய். உன் கல்யாண மேடையிலும் சொன்னாய், நானும் தலையை ஆட்டிக்கொண்டு நின்றேன். அது உண்மை இல்லை. உனக்கு நாலு வயது இருக்கும்போது, செலினிடம் பட்ட ஏமாற்றத்தில் நான் புத்தகத்தைத் தொடுவதையே விட்டிருந்தேன். அவள்தான் உன்னை மடியில் வைத்துக்கொண்டு திறப்பாள். அவள் மந்திரத்தைச் சொல் சொல்லாகச் சொல்லுவாள், நீ ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்துத் தேடுவாய். "இது என்ன எழுத்துக்கா?" என்று கேட்பாய். "நீயே சொல்லு பாப்போம்" என்பாள். நீ ஏதாவது சொல்லுவாய். சரியா தப்பா என்று அவளுக்கு எப்படித் தெரியும்? முந்தின சொல்லில் அந்த எழுத்துக்கு நீ என்ன சொன்னாய் என்பதை ஞாபகம் வைத்திருந்து, "அங்கன வேற சொன்னியே, நல்லா பாரு" என்பாள். அப்படித்தான் நீ படித்தாய். தனக்குத் தெரியாத எழுத்தை அவள் உனக்குக் கற்றுக்கொடுத்தாள். ஐந்து வயதில் நீ கோயிலில் வேதப் புத்தகத்திலிருந்து சங்கீதம் வாசித்தபோது சாமியார் என்னைக் கூப்பிட்டுப் பாராட்டினார். செலின் பக்கத்தில்தான் நின்றாள். நான் அவள் பெயரைச் சொல்லவில்லை. சொல்லாதது மட்டுமில்லை, வீட்டுக்கு வந்து, "சின்னப் பய வாசிக்கான், உனக்கென்னளா கேடு?" என்று அவளிடமே கேட்டேன். பிறகு நீயும் அதைச் சொல்லப் பழகினாய். அது உன் தப்பில்லை. என் வாயிலிருந்து எடுத்துக்கொண்டாய்.

ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்திலிருந்து நின்றாள். நிறுத்தியது நான்தான். உப்பளத்துக்குப் போனாள், பிறகு இறால் கம்பெனிக்குப் போனாள். துறைமுகத்தில் வேலை பார்த்த நல்ல பையனுக்குக் கட்டிக் கொடுத்தோம். கையெழுத்துப் போடத் தெரியும், பஸ்ஸைக் கலரை வைத்துக் கண்டுபிடிப்பாள், கோயிலில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டுதான் நிற்பாள். இருபத்தைந்து வருடம் அவள் புருஷனுக்கே தெரியாது. தெரிந்தால் தன்னைப் பொய்க்காரி என்று நினைப்பார் என்று பயந்தாள். அந்தப் பயத்தை அவளுக்குக் கொடுத்தது நான்.

நோயை முன்னாடியே கண்டுபிடித்திருந்தால் அக்கா பிழைத்திருப்பாள் என்று நீ அடிக்கடி சொல்கிறாய். கண்டுபிடித்தார்கள், எய்யா. அதைத்தான் உன்னிடம் இத்தனை நாள் மறைத்து வைத்திருக்கிறேன். பள்ளிக்கூட மைதானத்தில் ஒரு மருத்துவ முகாம் நடந்தது. செலின் போய்க் காட்டியிருக்கிறாள். பத்து நாள் கழித்து ஒரு பெண் வீடு வீடாகச் சீட்டைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். அன்று நாலு மணி வாக்கில் செலின் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். நான் தெருப் பெண்கள் மூன்று பேருக்குத் தண்ணீர் இணைப்பு பற்றிய நோட்டீஸை வாசித்து விளக்கிக்கொண்டிருந்தேன். "அம்மா, இத ஒரு..." என்று மடித்த காகிதத்தை நீட்டினாள். நான் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "அதையும் நான்தான் வாசிக்கணுமாக்கும்? தம்பி மக எல்.கே.ஜி. போறா, அவகிட்டப் போய்க் கத்துக்க" என்றேன். அந்தப் பெண்கள் சிரித்தார்கள். செலினும் கூடச் சிரித்தாள். "சும்மாதான்மா, ரேசன் கடைச் சீட்டு" என்று சொல்லி, பர்ஸுக்குள் வைத்துக்கொண்டு, எனக்குக் காப்பி போட்டுக் கொடுத்துவிட்டுப் போனாள்.

எட்டு மாதம் கழித்து, வலி தாங்க முடியாமல் பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோனோம். அந்த டாக்டரம்மா, "இதுக்கு முன்னாடி எங்கயாவது பாத்தீங்களா, சீட்டு ஏதும் இருக்கா?" என்று கேட்டார். செலின் பர்ஸைத் திறந்து அந்தக் காகிதத்தை எடுத்தாள். மடிப்பெல்லாம் நைந்திருந்தது. டாக்டருக்கு நீட்டும் முன் நான் வாங்கிப் பார்த்தேன். நாலே வரி. மார்பில் கட்டி இருக்கிறது, தாமதிக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகவும் என்று, பிள்ளைகள்கூட வாசிக்கிற தமிழில் எழுதியிருந்தது. என் வாழ்நாளில் எத்தனையோ வாசித்திருக்கிறேன். அந்த நாலு வரியை வாசித்த பிறகு எனக்கு எதையும் வாசிக்கப் பிடிக்கவில்லை.

வார்டில் அவள் இருந்த ஆறு வாரமும் நான் கூட இருந்தேன். பக்கத்துக் கட்டிலில் ஆழ்வார்திருநகரிப் பக்கத்துப் பெண் ஒருத்தி, வயல் வேலை செய்கிறவள். அவளும் எழுத்துப் படிக்காதவள். ஆனால் கோயிலில் கேட்டுக் கேட்டுப் பாசுரம் அத்தனையும் வாயில் இருந்தது. இரண்டு பேரும் நேரம் போக மாற்றி மாற்றிச் சொல்லுவார்கள். இவள் மன்றாட்டு மாலை, அவள் பாசுரம். மற்றக் கட்டில்காரர்கள் எழுந்து உட்கார்ந்து கேட்பார்கள். "எங்கூருல வாயில வந்தாப் போதும், எழுத்துத் தெரியுமான்னு கேக்க மாட்டாவ" என்றாள் அந்தப் பெண். "எங்கம்மாவுக்கு ரெண்டும் வேணும்லா" என்று செலின் சிரித்தாள். நான் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன். அவளைத் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. ஒரு நாள் மத்தியானம், அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் தப்புப் பண்ணிட்டேன்ளா செலின். அந்தச் சீட்ட நான் வாங்கிப் பாத்திருக்கணும். ஒன்ன அடிச்சிருக்கக் கூடாது" என்றேன். சண்டை போடுவாள், அழுவாள் என்று நினைத்தேன். அவள் என் கையைத் தட்டிக்கொடுத்தாள். "விடுங்கம்மா. நீங்க சரியாத்தான் சொல்லிக் குடுத்தீங்க. எனக்குத்தான் மனசு முழுசா இல்லயோ என்னமோ" என்றாள்.

நாற்பத்தேழு வயதில், எய்யா. சாகக் கிடக்கும்போதும் அவள் அதைத்தான் நம்பிக்கொண்டிருந்தாள். அப்படி இல்லை என்று எத்தனையோ முறை சொன்னேன். தலையாட்டினாள். நான் எது சொன்னாலும் அவள் தலையாட்டுவாள்.

அவள் போன பிறகு, நம் தெருப் பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருத்தியிடம், பெயர் சொல்லாமல், இப்படி ஒரு பிள்ளை இருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். அவள் ஆச்சரியமே படவில்லை. இதற்கு ஒரு பெயர் இருக்கிறதாம். புத்தியில் கோளாறு இல்லை, சோம்பேறித்தனமும் இல்லை, எழுத்தைப் பிரித்துப் பார்க்கிற விதம் அந்தப் பிள்ளைகளுக்கு வேறு. அதற்கென்று படித்தவர்கள் இருக்கிறார்கள், பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தால் வந்துவிடும் என்றாள். அவள் சாதாரணமாகச் சொல்லிவிட்டு நோட்டுத் திருத்தப் போய்விட்டாள். நான் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன்.

நீ போனில் ஜெனியைப் பற்றிச் சொன்னதெல்லாம் எனக்குச் செலினைப் பற்றிக் கேட்பது போலவே இருந்தது. உனக்குப் புரிகிறதா? இந்த வாரமே அவள் பள்ளியில் போய்ப் பேசு. அங்கே அப்படிப்பட்ட டீச்சர் இருப்பார்கள், இல்லாவிட்டால் தேடு. வீட்டில் சோம்பேறி என்ற சொல் இனி வரவே கூடாது. திட்டியிருந்தால் உட்கார வைத்து மன்னிப்புக் கேள். அப்பா மன்னிப்புக் கேட்டால் பிள்ளை கெட்டுப்போகாது. செபம் சொல்லிக் கொடு, வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். அந்தப் புத்தகம் எனக்கு உலகத்தைத் திறந்துவிட்டது, அதை நான் மறுக்க முடியாது. ஆனால் செபத்தில் வைத்து எழுத்தைச் சோதிக்காதே. எழுத்தில் தோற்கிற பிள்ளை, கடவுளிடமே தோற்றுவிட்டதாக நினைத்துக்கொள்ளும். அதற்கப்புறம் அதை யாராலும் மாற்ற முடியாது. நான் முயற்சி செய்து பார்த்துவிட்டேன்.

லீவுக்கு அவளை அனுப்பு. புத்தகம், நோட்டு ஒன்றும் கொடுத்து விடாதே. நான் எதையும் அவள் முன்னால் விரிக்க மாட்டேன். அங்கே யார் யார் கூட்டாளி, பள்ளிக்கூட பஸ் எந்த வழியாகப் போகிறது, எதைக் கண்டால் பயம், எதற்குச் சிரிப்பு வரும் என்று கேட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். செலின் நாற்பத்தேழு வருடம் என் பக்கத்தில் இருந்தாள். நான் சொன்னதையெல்லாம் ஒரு சொல் பிசகாமல் திருப்பிச் சொன்னாள். அவளாகச் சொல்ல என்ன இருந்தது என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

அம்மா